ஆகாயத்தாமரை ஏரிக்கு ஒரு ரிமோட் படகு

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன், படகு அப்புறம். நான் இருப்பது சென்னைப் புறநகரில் சேலையூர்ப் பக்கம். செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று சுற்றிலும் ஏரிக்குக் குறைவில்லை. ஆனால் யூடியூபில் ரிமோட் படகு செய்து காட்டுகிறவர்கள் விடுகிற குளம் வேறு, நம் ஏரி வேறு. அங்கே அடி தெரிகிற தண்ணீர், வெட்டிவிட்ட புல்கரை. இங்கே கரையை ஒட்டி ஆகாயத்தாமரை, அதைத் தாண்டினால் தண்ணீருக்கு அடியில் பாசி, நடுநடுவே மீன் பிடிக்கிறவர்கள் கட்டிய நைலான் வலை, எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கிற பால் கவர். வீடியோவில் வருகிற படகை அப்படியே செய்து இங்கே விட்டால் பத்து மீட்டர் தாண்டாது. அதனால் எந்த மோட்டார், எந்த ரிமோட் என்று யோசிக்கும் முன் ஏரிக்கரையில் ஒரு நடை போய், நீளமான கம்பை விட்டு ஆழம் பார்த்து, பாசி எவ்வளவு கீழே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். நான் படகு விட நினைத்திருந்த மூலையில் பாசியின் நுனி நீர்மட்டத்துக்கு ஒரு ஜாண் கீழே நின்றது. காற்றில் அசைந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வரும். படகின் அடியும் புரொப்பெல்லரும் சேர்ந்து ஏழெட்டு செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. வேகமும் எனக்குத் தேவையில்லை. மெதுவாகப் போய், சொன்ன இடத்தில் திரும்பி, பத்திரமாகக் கரைக்கு வந்தால் போதும்.

படகின் உடம்புக்கு 5 மி.மீ. சன்போர்டு எடுத்துக்கொண்டேன். பி.வி.சி. ஃபோம் ஷீட் என்று கேட்டாலும் கடையில் புரியும். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையிலும், கிச்சன் கப்போர்டு வேலை செய்கிறவர்களிடமும் வெட்டி மீந்த துண்டு கிடைக்கும். மரைன் பிளைவுட் இதைவிட உறுதிதான், ஆனால் எடை கூடும், விளிம்பைச் சரியாக மூடாவிட்டால் மெல்லத் தண்ணீர் குடிக்கும். தெர்மாகோலைச் செதுக்கி மேலே ஃபைபர் போட்டால் அழகான வளைவெல்லாம் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாதாரண பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கண்ணெதிரே கரைத்துவிடும்; எபாக்சிதான் ஊற்ற வேண்டும், அது பர்ஸைக் கரைத்துவிடும். சன்போர்டு தண்ணீர் குடிக்காது, பேப்பர் கட்டரால் வெட்டலாம், ஹீட் கன் காட்டினால் வளையும். அடுப்பில் மட்டும் காட்டாதீர்கள், பி.வி.சி. கருகி வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

நீளம் 60 செ.மீ., அகலம் 20 செ.மீ., பக்கச் சுவர் 8 செ.மீ. அடி தட்டை. முன்பக்கம் குறுகி வருவதால் அடிப்பரப்பு கிட்டத்தட்ட 1000 சதுர செ.மீ. இந்த எண்ணை வேண்டுமென்றேதான் வைத்தேன். ஒரு கன செ.மீ. நல்ல தண்ணீரின் எடை ஒரு கிராம். ஆகவே இந்தப் படகு 1 செ.மீ. அமிழ்ந்தால் 1000 கன செ.மீ. தண்ணீரை ஒதுக்கும், அதாவது 1 கிலோ தாங்கும். அப்புறம் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதற்குக் கால்குலேட்டரே வேண்டாம், சமையலறைத் தராசு போதும். உடம்பு, பசை, மேல்மூடி சேர்த்து 850 கிராம் வந்தது. அதோடு மோட்டார், ஷாஃப்ட் (மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கிற கம்பி), பேட்டரி, மற்ற சில்லறையெல்லாம் சேர்த்தால் மொத்தம் ஒன்றரைக் கிலோ. ஆக ஒன்றரை செ.மீ. அமிழும், ஆறரை செ.மீ. வெளியே நிற்கும். வீட்டில் சும்மா கிடந்த பழைய யூபிஎஸ் பேட்டரியைப் போட்டுவிடலாமே என்று ஆசையாகத்தான் இருந்தது, செலவில்லை. ஆனால் அந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பெட்டி ஒன்றே 2 கிலோவுக்கு மேல். படகு மிதக்கும், ஆனால் புரொப்பெல்லர் பாசிக்குப் பக்கத்தில் போய்விடும். வேண்டாம்.

மூலைகளை ஃபெவிக்விக் தொட்டு நிறுத்தி, உள்பக்கம் மட்டும் ஆப்ப சோடாவைத் தூவி அதன்மேல் இன்னொரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாக இறுகிவிடும். கொஞ்சம் சூடாகிப் புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இது நிறுத்தி வைக்க மட்டும்தான். தண்ணீரைத் தடுக்கிற வேலையை எபாக்சி பசைதான் செய்கிறது, உள்ளே ஓரம் முழுக்க விரலால் இழுத்துப் பூசினேன். முன் மூக்கிலும் பின் மூலைகளிலும் தெர்மாகோல் துண்டுகளை அடைத்தேன், சேர்த்து இரண்டு லிட்டர் அளவு இருக்கும். உள்ளே முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் அந்த இரண்டு லிட்டர் ஏறக்குறைய 2 கிலோவைத் தாங்கும், படகு மூழ்காமல் தொங்கிக்கொண்டாவது நிற்கும். தெர்மாகோலை ஒட்ட ஃபெவிகால் போதும், செருப்புக்குப் போடுகிற ரப்பர் பசை வேண்டாம், அதுவும் தெர்மாகோலைத் தின்னும்.

இனி ஷாஃப்ட். வீட்டுப் படகு எதுவாக இருந்தாலும் தண்ணீர் புகுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் பெரும்பாலான நேரம் எனக்கு இதில்தான் போனது. 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அதற்கு வெளியே பித்தளைக் குழாய், குழாயின் இரண்டு முனையிலும் கம்பி ஆடாமல் சுற்றுவதற்குப் புஷ். குழாய் படகின் அடியைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறும். இதில் முக்கியம், குழாயின் உள்முனை வெளியே இருக்கிற நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் படகு சும்மா நிற்கும்போது குழாயில் ஏறும் தண்ணீர் பாதியிலேயே நின்றுவிடும், உள்ளே வழியாது. மோட்டார் சுற்றும்போது ஏறுவதைத் தடுக்கத்தான் கிரீஸ். பைக் பேரிங்குக்குப் போடுகிற லித்தியம் கிரீஸை ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, ஒரு முனையிலிருந்து அழுத்தி, மறுமுனையில் புழு மாதிரி வெளியே வரும் வரை நிரப்பினேன். இது நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்ததும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி வைப்பது என்று சொல்ல மாட்டார்கள். நான் செய்தது இது: இரண்டையும் இணைக்கிற வளையும் கப்ளிங்கை முதலில் போடவில்லை. அதற்குப் பதிலாக, உள்விட்டம் சரியாக இருக்கிற ஒரு நேரான உலோகக் குழாய்த் துண்டை மோட்டார் முனையிலும் ஷாஃப்டிலும் இறுக்கிச் செருகி, இரண்டையும் ஒரே கம்பியாக ஆக்கிவிட்டு, அப்படியே படகுக்குள் இறக்கி, மோட்டார் தாங்கியையும் பித்தளைக் குழாயையும் எபாக்சி வைத்து ஒட்டினேன். இரவு முழுக்க இறுகவிட்டு, காலையில் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு நிஜக் கப்ளிங்கைப் போட்டேன். கையால் சுற்றினால் எங்கேயும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் அங்கே ஆம்பியர் தின்னும், சத்தமும் போடும்.

மோட்டார் 550, அது மோட்டாரின் அளவுப் பெயர். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் எந்த மோட்டார் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போட்டிருந்தால் அதே எடைக்குப் பலம் அதிகம் கிடைக்கும்தான். ஆனால் விமானத்துக்கும் டிரோனுக்கும் விற்கிற பிரஷ்லெஸ் ஈஎஸ்சிக்களில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சர்க்யூட்) பொதுவாக ரிவர்ஸ் கிடையாது. நம் ஏரியில் ரிவர்ஸ் இல்லாத படகு பாசியில் மாட்டினால் மாட்டியதுதான். அதனால் பிரஷ் மோட்டார், ரிவர்ஸ் உள்ள ஈஎஸ்சி. கடைக்காரர் எடுத்துப் போட்ட பெட்டியில் 320 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதில் போகிற ஒயரோ வீட்டு மிக்சி ஒயரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். "அண்ணே, இது நிஜமா 320 தாங்குமா?" என்றேன். "சார், அது ஸ்டிக்கர் ஆம்பியர். நீங்க பத்து, பதினஞ்சுக்குள்ள ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். நேர்மையான மனிதர், அவரிடமே வாங்கினேன்.

அந்தப் பதினைந்தை நான் வேறு வழியில் உறுதிசெய்துகொண்டேன். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜ் உண்டாகும், அதுதான் மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. பாசி சுற்றி மோட்டார் நின்றுவிட்டால் அந்த எதிர் வோல்டேஜ் இல்லை, சுருளின் மின்தடை மட்டும்தான் மிச்சம், அது மிகக் குறைவு. 550 மாதிரி மோட்டாரில் அப்போது பாய்வது சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு. ஈஎஸ்சி, பேட்டரி ஒயர், மோட்டார் மூன்றில் ஒன்று வேகும். அதற்கு ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸும் அதன் ஹோல்டரும் வாங்கிப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டேன். காருக்கும் பைக்குக்கும் போடுகிற அதே ஃப்யூஸ். மொத்தச் செலவில் இதற்குப் போனது கண்ணுக்கே தெரியாத தொகை.

இன்னொரு சின்ன வேலை, நிறையப் பேர் விட்டுவிடுவது. பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசுகிற இடத்தில் பொறி பறக்கும், அந்தப் பொறி ரேடியோ இரைச்சலும் கூட. ரிமோட் சிக்னலை வாங்குகிற ரிசீவர் பக்கத்திலேயே இருப்பதால் சுக்கான் தானாக நடுங்கும். 104 என்று போட்ட செராமிக் கெப்பாசிட்டர் மூன்று வேண்டும்: ஒன்று மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடம்புக்கு. உடம்பில் சால்டர் பிடிக்க வேண்டுமென்றால் அந்த இடத்தை அரத்தால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தால்தான் ஒட்டும். 25 வாட்டில் முயன்றால் மோட்டார்தான் சூடாகும். போட்ட பிறகு என் சர்வோவின் (சுக்கானைத் திருப்புகிற குட்டி மோட்டார்) நடுக்கம் நின்றுவிட்டது.

சுக்கானுக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, புரொப்பெல்லருக்கு நேர் பின்னால். அதை இழுக்க எம்ஜி90எஸ் சர்வோ, இடையில் சைக்கிள் ஸ்போக் கம்பி. கம்பி பின்சுவரைத் துளைத்து வெளியே வருகிற ஓட்டையில் தண்ணீர் புகும் என்பதால், ரப்பர் கையுறையின் சுண்டுவிரலை வெட்டி, ஒரு பக்கம் சுவரிலும் ஒரு பக்கம் கம்பியிலும் நூல் சுற்றிக் கட்டினேன். கம்பி முன்னும் பின்னும் போகப் போக விரல் மடங்கி விரியும், தண்ணீர் வராது. சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கையுறை ஜோடியில் இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது.

மோட்டாரைக் குளிரவைக்க ஒரு செப்புச் சுருள். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரிடம் மெல்லிய செப்புக் குழாய் ஒரு முழம் கேட்டு வாங்கினேன். அப்படியே வளைத்தால் நசுங்கி வழி அடைத்துக்கொள்ளும். உள்ளே தூள் உப்பைக் கெட்டியாகத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் டேப்பால் மூடி, மோட்டார் அளவுள்ள ஒரு குழாயைச் சுற்றி வளைத்தேன். ஒரு மடிப்பு கூட விழவில்லை. வளைத்து முடித்ததும் வெந்நீரை ஊற்றினால் உப்பு கரைந்து வந்துவிடும், மணல் போட்டிருந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு படுத்தியிருக்கும். சுருளின் ஒரு முனை புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்ணீர் பாய்கிற இடத்தில் வாயைத் திறந்து நிற்கிறது, மறுமுனை பக்கவாட்டில் வெளியே. படகு ஓடும்போது அங்கே மெலிதாகத் தண்ணீர் பீச்சும், அது நின்றால் வாயில் பாசி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கரையிலிருந்தே தெரிகிற ஒரே அபாய விளக்கு எனக்கு அதுதான்.

ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 ஏற்கெனவே கையில் இருந்தது, அக்கா பையனின் பழைய விமானத்திலிருந்து வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ., ரிசீவர் ஆன்டெனா ஒயரின் நுனியில் வேலை செய்வது அதில் கால்வாசி, மூன்று செ.மீ. சொச்சம்தான். அந்த நுனி படகுக்குள் பேட்டரி ஓரமாகவோ நீர்மட்டத்துக்குக் கீழேயோ கிடந்தால் சிக்னல் எங்கே போகும்? இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும். ஜூஸ் ஸ்ட்ரா இரண்டை மேல்மூடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து ஒட்டி, ஆன்டெனாக்களை அதற்குள் ஏற்றிவிட்டேன். பார்க்க வண்டு மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. ரேடியோவில் ஓடுகிற படகை முதலில் ஊருக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், 1898இல். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். அவர் படகிலும் ஆன்டெனா கம்பிதான் மேலே நீட்டிக்கொண்டு நின்றது, நூற்று இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

ரிசீவரையும் ஈஎஸ்சியையும் நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைப் படகுக்குள் ஒட்டிவிட்டேன். ரிசீவர் போர்டில் பின்கள் படாமல் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றும் உள்ளே, சென்னைப் புழுக்கத்தில் மூடிய டப்பாவுக்குள்ளும் வியர்க்கும்.

ஏரிக்குப் போகும் முன் மொட்டை மாடி. பக்கத்து வீட்டில் குழந்தைகள் விளையாடுகிற காற்றடைத்த நீச்சல் தொட்டியைக் கடன் வாங்கி, இரண்டு வாளிக்கு ஒருமுறை மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே (மெட்ரோ வாட்டர் வராத வாரம்) நிரப்பினேன். முதலில் மோட்டார் ஓடாமல் மிதக்கவிட்டேன். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, உள்ளே ஒவ்வொரு ஓரத்திலும், ஷாஃப்ட் குழாய் அடியிலும், சுக்கான் ஓட்டை அடியிலும் ஒட்டியிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. அடியில் தேங்கின தண்ணீரைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பின்சுவரின் இடது கீழ்மூலைத் துண்டு மட்டும் நுனியில் ஈரமாக இருந்தது, அங்கே எபாக்சியில் ஊசி நுனி அளவு ஒரு காற்றுக் குமிழி. தேய்த்துவிட்டு மறுபடி பூசியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் இழுவை. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் கயிற்றைப் படகின் பின்னால் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டால் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். கூடவே பேட்டரி ஒயரில் ஆம்பியர் மீட்டர். 45 மி.மீ. மூன்று இதழ் புரொப்பெல்லர் 820 கிராம் இழுத்தது, 9.5 ஆம்பியர் தின்றது. 40 மி.மீ. இரண்டு இதழ் 650 கிராம், 6.5 ஆம்பியர். ஆம்பியருக்கு எத்தனை கிராம் என்று வகுத்துப் பார்த்தால் சின்னதுதான் சிக்கனம், அடியில் இடமும் குறைவாகப் பிடிக்கும். அதையே வைத்துக்கொண்டேன். ஒரே புரொப்பெல்லர் என்பதால் அது ஒரு பக்கம் சுற்ற, படகு எதிர்ப்பக்கம் சாயும். பின்னாலிருந்து பார்த்தால் என்னுடையது வலஞ்சுழி, படகு இடப்பக்கம் சாய்ந்தது. வெல்க்ரோ வைத்து ஒட்டிய பேட்டரியை ஒரு விரல்கடை வலப்பக்கம் நகர்த்தியதும் நிமிர்ந்துவிட்டது. கடைசியாக, மோட்டார் ஓடும்போதே ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். மோட்டார் உடனே நிற்க வேண்டும். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்துகிற இந்த ஃபெயில்சேஃபை அமைக்காமல் ஏரியில் விடுவது, சாவியோடு ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போவதுதான்.

ஏரியில் எந்த நேரம் விடுகிறோம் என்பது முக்கியம். கோடையில் சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிடும், ஏரி முழுக்க அலை தட்டும், ஆறரை செ.மீ. சுவர் மட்டும் வெளியே நிற்கிற படகுக்கு அது ஆகாது. காலை ஆறரைக்குப் போய்விட்டால் தண்ணீர் அசையாது. அப்படியும் லேசாக ஒரு காற்று இருக்கும், அது எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் நின்றுதான் விட வேண்டும். மோட்டார் நின்றுபோனாலும் காற்றே படகை நம் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வரும். எதிர்க்கரையில் நின்றால் படகு நடு ஏரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்கும் மீறி நடுவில் நின்றால், டென்னிஸ் பந்தில் தூண்டில் நரம்பைக் கட்டிப் படகைத் தாண்டி எறிந்து, நரம்பு படகின்மேல் விழுந்ததும் மெல்ல இழுக்கலாம். தண்ணீரில் இறங்கும் யோசனை வேண்டாம். இந்த ஏரிகளின் அடி சேறு, எங்கே எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள் என்று கரையிலிருந்து தெரியாது.

அக்கா பையன்தான் முதலில் ஓட்டினான். நேராகப் போவது பிரச்சினையில்லை. எண்பது மீட்டர் தாண்டியதும், "மாமா, முன்பக்கம் எது?" என்றான். எனக்கும் தெரியவில்லை. சிக்னல் அதற்கு அப்பாலும் கிடைக்கிறது, கண்தான் முதலில் தோற்கிறது. வீட்டுக்கு வந்ததும் முன் பாதிக்குக் காவி ஆரஞ்சும் பின் பாதிக்குக் கறுப்பும் அடித்தோம். இன்னொன்று, மோட்டாரை நிறுத்தினால் சுக்கானுக்கு வேலையே இல்லை. புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர் அதன்மேல் பட்டால்தான் படகு திரும்பும். பயந்துபோய் கையை எடுத்துவிட்டால் படகு போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போய்ச் செடிக்குள் நுழையும். திருப்பத்தில் கொஞ்சமாவது வேகம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இதைப் பழக அவனுக்கு என்னைவிடக் குறைந்த நேரமே ஆனது.

அந்தச் செடி. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, இங்கே சாக்கடைச் சத்தில் கொழுத்து வளர்கிறது. மேலே இலை, நடுவே காற்றடைத்த தண்டு, கீழே கறுப்பாகத் தொங்கும் வேர். புரொப்பெல்லரில் சுற்றுவது இலையோ தண்டோ இல்லை, அந்த வேர்தான். முதல் முறை மாட்டியபோது ஃப்யூஸ் தன் வேலையைச் செய்தது, காற்று படகைக் கரைக்குக் கொண்டுவந்தது, இரண்டும் திட்டப்படியே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஃப்யூஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. புரொப்பெல்லரைச் சுற்றி வலைக்கூண்டு போடலாம் என்று பார்த்தால், கூண்டிலேயே பாசி படிந்து தண்ணீர் உள்ளே வராமல் இழுவை பாதியாகக் குறைந்தது. எடுத்துவிட்டேன். வேலை செய்தது எளிய ஒன்று: 3 மி.மீ. ஸ்டீல் கம்பி, படகு அடியின் நடுவில் ஆரம்பித்துச் சாய்வாக இறங்கி, புரொப்பெல்லரின் கீழ்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே போய் முடிகிறது. வருகிற வேரும் பாசியும் அந்தச் சாய்வில் வழுக்கிக் கீழே போய்விடுகின்றன. முழுக்கத் தடுக்காது. சிக்கினதும் உடனே ஒரு நொடி ரிவர்ஸ், நிறுத்தம், மறுபடி ரிவர்ஸ். பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். பால் கவருக்கு மட்டும் எந்த வைத்தியமும் பலிக்கவில்லை.

காற்றில் சுற்றுகிற புரொப்பெல்லர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். அதையும் ஒரு தட்டை ஷீட்டில் வைத்துப் பார்த்தோம், ஏ2212 மோட்டார், 10 அங்குல இதழ், அதைச் சுற்றிப் பழைய டேபிள் ஃபேன் ஜாலி. செடிக்கு மேலேயே ஏறிப் போகிறது, அது உண்மை. ஆனால் சத்தம் காலை நடைக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது, பிரேக்கும் ரிவர்ஸும் இல்லை, லேசான காற்றுக்கே பக்கவாட்டில் சறுக்குகிறது. அந்த இதழ் விரலில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும், சின்னப் பிள்ளைகள் கூடுகிற கரையில் எனக்கு மனசு வரவில்லை.

பேட்டரி 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), 2200 மில்லி ஆம்பியர்-அவர். 6.5 ஆம்பியரில் கணக்குப் போட்டால் இருபது நிமிஷம் வரும், ஆனால் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் செல் கெட்டுவிடும். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வந்தால் கத்துகிற பஸ்ஸர் போட்டிருக்கிறேன், நடு ஏரியில் அது கத்தி யாருக்குக் கேட்கும்? போனில் பன்னிரண்டு நிமிஷ டைமர்தான் நம்பகம். வீட்டுக்கு வந்ததும் ஒரு செல் 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட்டு, மண்சட்டிக்குள் வைக்கிறேன். வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டு வர வேண்டாம். முட்டுக்காடு போய்க் கழிமுகத்தில் விட்டால் என்ன என்று பையன் கேட்டான். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு ஈஎஸ்சிக்குள் போனாலும் நல்ல தண்ணீரைவிட வேகமாகக் கதையை முடித்துவிடும், பித்தளைக் குழாயும் மோட்டாரும் அரிக்கும். நல்ல தண்ணீரே போதும் என்று சொல்லிவிட்டேன்.

தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை எடுக்கிற ஒரு அண்ணன் அந்தப் பக்கம் தினமும் வருவார். ஆரம்பத்தில், "தம்பி, வலைய கிழிச்சிடப் போவுது, அந்தாண்ட போயி விடு" என்று விரட்டினார். அடிக் கம்பியைத் தூக்கிக் காட்டியதும், இது வலையில் மாட்டாமல் வழுக்கிவிடும் என்று அவரே புரிந்துகொண்டு, வலை எங்கெங்கே கிடக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னார். அப்புறம் அவரும் படகைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இதுல தூண்டில கட்டி, நடு ஏரியில கொண்டு போயி கழட்டி வுட முடியுமா?" என்றார். முடியும். ரிமோட்டில் சேனல் சும்மா கிடக்கிறது. பின்சுவரில் ஒரு சின்ன சர்வோ, அதன் கையில் ஸ்போக் கம்பியாலான ஓர் ஊசி, ஊசி பின்னால் இழுபட்டால் நரம்பின் வளையம் நழுவி விழும். அரைக் கிலோ இரை கட்டினால் படகு இன்னும் அரை செ.மீ. அமிழும், பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் அதிகம், எனவே பேட்டரியை முன்னால் தள்ள வேண்டும். நரம்பு புரொப்பெல்லரில் சுற்றாமல் இருக்க வளையத்தைப் பின்சுவரின் மேல் ஓரத்தில், சுக்கானுக்கு மேலே ஒரு கை நீளக் குச்சி வைத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் குச்சி வேலைதான் இப்போது மேசையில் இருக்கிறது.